ஐந்து தோட்டாக்களும் ஒரு குழி மீனும்

இலங்கையின் மலைநாட்டில், பொகவந்தலாவைக்கு மேலே, கெசல்கமு ஓயாவில் வந்து விழும் சிற்றாறு ஒன்றின் கரையில்தான் என் தாய்மாமா குடியிருக்கும் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு, தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்த்த ஒரு ஜூன் மாதத்தில், இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று போன நான் ஆறு நாட்கள் அங்கேயே அகப்பட்டுக்கொண்டேன். தோட்டத்துக்கு ஏறும் ஒரே பாதையில் இரண்டு இடங்களில் மண் சரிந்துவிட்டது. மின்சாரம் முதல் நாளே போனது. கைப்பேசிகள் அடுத்த நாள் அணைந்தன. மூன்றாம் நாள் காலையில் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பெரும்பாலானவற்றில் கோதுமை மா தீரும் நிலைக்கு வந்தது. அந்தக் காலையில்தான் மாமா துவக்கை எடுத்துத் துடைத்துக்கொண்டு, மீன் சுடப் போவோம் என்றார்.

அண்மையில் என் பழைய மாணவன் ஒருவன், தண்ணீருக்குள் சுட்டு மீனை மிதக்கவைக்கும் வீடியோ ஒன்றை என்னிடம் காட்டி, "சேர், மலையில் மாட்டிக்கொண்டால் இது சரிவருமா?" என்று கேட்டான். நான் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியன். அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் எங்கள் மலைகளில் ஏதாவது ஒரு தோட்டம் இப்படித் துண்டிக்கப்படுகிறது, அந்த நேரத்தில் கையில் உள்ளதை எதற்குச் செலவிடுவது என்பது உண்மையான கேள்வியாகிவிடுகிறது.

மாமாவிடம் இருந்தது காட்டுப்பன்றியிடமிருந்து மரக்கறித் தோட்டத்தைக் காப்பதற்காக அனுமதிப்பத்திரத்துடன் வைத்திருந்த ஒற்றைக் குழல் பன்னிரண்டு போர் (12 bore) துவக்கு, ஒரே தோட்டாவில் பல ஈயச் சன்னங்களைச் சிதறவிடும் வகை. தோட்டாக்கள் ஐந்து. முதலில் நாங்கள் போனது சிற்றாற்றுக்குத்தான். அங்கே போய் நின்றதுமே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது: மலைநாட்டில் மனிதன் பட்டினியால் வாடக்கூடிய அந்த நாட்களில்தான் ஆறு பால் தேநீரின் நிறத்தில் ஓடும். சுடுவதற்கு முதலில் மீன் கண்ணில் படவேண்டும். சேற்று வெள்ளத்தில் ஒரு விரற்கடைக்குக் கீழே எதுவும் தெரியாது. வறட்சிக் காலத்தில் ஆறு தெளிந்திருக்கும், மீனும் தெரியும், ஆனால் அப்போது பாதை திறந்திருக்கும், கடையும் திறந்திருக்கும்.

கெசல்கமு ஓயாவின் கரைகளில் சட்டவிரோதமாக மாணிக்கக்கல் அகழ்ந்தவர்கள் மூடாமல் விட்டுப்போன குழிகள் பல உண்டு. அந்தச் சிற்றாற்றின் கரையிலும் அவை இருந்தன. வெள்ளம் ஏறும்போது ஆறு அவற்றையும் நிரப்பிக்கொண்டு போகும். இறங்கும்போது தண்ணீரும் அதில் நீந்தியவையும் குழியிலேயே தங்கிவிடும். ஓட்டம் இல்லாத தண்ணீர் என்பதால் இரண்டு நாளில் வண்டல் அடியில் படிந்து, ஓரளவு தெளிவாகவும் இருந்தது. இடுப்பளவு ஆழமுள்ள ஒரு குழியில் திலாப்பியா மீன்கள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. "அந்தா நிக்கிது பாருங்க மாப்புள" என்று மாமா கிசுகிசுத்தார். கரையில் நின்றபடியே குறிவைத்தார். பன்றியை ஓடும்போதே வீழ்த்தக்கூடிய கை அது. வெடிச்சத்தம் பள்ளத்தாக்கு முழுவதும் உருண்டு அடங்கியது, தண்ணீர் ஆளுயரம் எழும்பி எங்கள் மேல் விழுந்தது, வண்டல் கலங்கியது. ஒரு செதிள் கூட மிதக்கவில்லை.

மாமா தன் கண் மங்கிவிட்டதோ என்று கவலைப்பட்டார். கண்ணில் பழுது இல்லை. தண்ணீரிலிருந்து வளிக்கு வரும் ஒளி மேற்பரப்பில் முறிகிறது. தண்ணீரின் முறிவுச் சுட்டி, அதாவது ஒளி அதில் எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் எண், ஏறத்தாழ 1.33. நேர் மேலிருந்து பார்த்தால் கூட மீன் அதன் உண்மையான ஆழத்தின் முக்கால் பங்கில் நிற்பதாகத்தான் தோன்றும். சாய்வாகப் பார்த்தால் பிழை இன்னும் வளரும். மேற்பரப்புக்கு 45 பாகை சாய்வில் பார்க்கிறோம், மீன் 60 சென்ரிமீற்றர் ஆழத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், கண்ணுக்குத் தெரியும் இடத்தை நோக்கி நேர்கோட்டில் போகும் எதுவும் மீனின் முதுகுக்கு மேலே 20 சென்ரிமீற்றருக்கும் அதிகமான இடைவெளியில் கடந்துபோய்விடும். ஈட்டியால் மீன் குத்துகிறவர்கள் இந்தக் கணக்கை எழுதிப் பார்த்ததில்லை, ஆனால் மீனுக்குக் கீழே குத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். துவக்குக்கும் அதே விதிதான்: தோன்றும் மீனுக்குக் கீழே குறிவைக்க வேண்டும், சாய்வு கூடக் கூட இன்னும் கீழே.

ஆனால் மாமா சரியாகக் கீழே குறிவைத்திருந்தாலும் அந்த ஆழத்தில் அந்த மீனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். தண்ணீர் வளியைப் போல ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது, அது தரும் தடையோ வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. சிறிய ஈயச் சன்னம் ஒன்று ஒரு சாண் தண்ணீரைக் கடப்பதற்குள் தன் வேகத்தின் பெரும்பகுதியை இழந்துவிடும். அதற்கப்பால் அது மெதுவாக அடியில் போய்ப் படியும் ஒரு சிறு கல். அப்படியானால் ரைபிள் இருந்தால் ஆழமாகப் போகுமே என்று நினைக்கத் தோன்றும். நடப்பது நேர்மாறு. விநாடிக்கு 800 மீற்றர் வேகத்தில் வரும் ரைபிள் குண்டு தண்ணீரைத் தொட்டதும் அதற்கு அது சுவரைப் போன்றது. குண்டு நசுங்கி, உருண்டு, பல வேளைகளில் சிதறி, ஒரு மீற்றருக்குள்ளேயே செயலிழந்துவிடுகிறது. அதைவிட மெதுவாக வரும் கைத்துப்பாக்கிக் குண்டு உடையாமல் அதைவிடத் தூரம் போகிறது. வேகம் கூடிய சுடுகலன் வேண்டும் என்று ஏங்குவதில் பயனில்லை. மீன் மேற்பரப்புக்கு அருகில், நான்கு விரல் ஆழத்திலிருந்து ஒரு சாண் ஆழத்துக்குள் இருந்தால் மட்டுமே சுடுவதைப் பற்றி யோசிக்கலாம்.

ஏறத்தாழ அரை மணி நேரம் காத்திருந்தோம். வண்டல் மறுபடி படிய, மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வரத் தொடங்கின. இம்முறை மாமா குழியின் மேல் நீட்டிக்கொண்டிருந்த பாறையில் ஏறி, ஏறக்குறைய நேர் கீழாகக் குழலைத் திருப்பி, குழல் வாய்க்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு மீற்றர் இடைவெளி விட்டுச் சுட்டார். சுட்ட இடத்தில் ஒரு திலாப்பியா வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு எழும்பியது. அதன் செவுள் மூடிகள் இன்னும் திறந்து மூடிக்கொண்டிருந்தன. நான் தண்ணீருக்குள் இறங்கி அதை அள்ளி எடுத்தபோது அதன் உடலில் காயமே இல்லை. வாலடியில் ஒரேயொரு சன்னம் தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது, நகத்தால் தட்டியதும் விழுந்துவிட்டது. அன்று மாலை அம்மாயி (அம்மாவின் தாய்) அதை அறுத்தபோது நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதுகெலும்புக்குக் கீழே வெள்ளைப் பலூனைப் போல இருக்க வேண்டிய காற்றுப்பை கிழிந்து, முள்ளந்தண்டு நெடுகிலும் இரத்தம் உறைந்திருந்தது.

துவக்கால் மீன் சாகும் விதம் பெரும்பாலும் இதுதான். விநாடிக்கு 400 மீற்றர் வேகத்தில் வரும் சுமார் 30 கிராம் ஈயம் ஏறத்தாழ 2,400 யூல் சக்தியைச் சுமந்துவருகிறது. அந்தச் சக்தி முழுவதையும் கையகலத் தண்ணீர் ஒரே கணத்தில் வாங்கிக்கொள்கிறது. தண்ணீர் எளிதில் அமுங்காது, எனவே அந்த அடி அமுக்க அலையாகப் பரவுகிறது. மீனின் தசையும் கிட்டத்தட்டத் தண்ணீரே என்பதால் அலை அதனூடாகப் போய்விடும், ஆனால் காற்று நிறைந்த பை அமுங்கி விரியும்போது கிழிந்துவிடுகிறது. காற்றுப்பை பெரிதாக உள்ள திலாப்பியா, கெண்டை போன்றவை இதனால் எளிதில் விழும். கல்லடியில் ஒட்டி வாழும், காற்றுப்பை சிறுத்த அல்லது இல்லாத மீன்கள் தாங்கிக்கொள்ளும். மயங்கிய மீன் எல்லாமே செத்த மீன் அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சில விநாடிகளில் எடுக்காவிட்டால் அது தெளிந்து ஓடிவிடும், அல்லது காற்றுப்பை கிழிந்த கனத்தில் அடியில் போய்விடும்.

அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்தில் இதைச் சட்டப்படியே செய்கிறார்கள். அங்கே சாம்ப்ளேன் ஏரியின் ஓரச் சதுப்புகளுக்கு பைக், பிக்கரல் போன்ற மீன்கள் வசந்தகாலத்தில் முட்டையிட வரும்; மார்ச் 25 முதல் மே 25 வரை அவற்றைச் சுட அனுமதி உண்டு. கைதேர்ந்தவர்கள் மீனைக் குறிவைப்பதில்லை. மீனுக்குச் சற்று முன்னாலோ அடியிலோ சுட்டு, அதிர்வால் மயக்கி எடுக்கிறார்கள். முட்டை சுமந்த மீன்களை அந்தப் பருவத்திலேயே கொல்வது சரியா என்று அங்கேயே எதிர்ப்பு உண்டு. எனக்கும் அது சரியாகப் படவில்லை. ஆனாலும் முழங்கால் அளவுத் தண்ணீர், கையளவு ஆழத்தில் நிற்கும் பெரிய மீன், உயரமான இடத்திலிருந்து செங்குத்தாகச் சுடும் வசதி ஆகிய மூன்றும் சேரும்போது மட்டுமே இது பலிக்கிறது என்பதற்கு அவர்களே சாட்சி. எங்கள் மலை ஓடைகளில் அந்த மூன்றும் சேர்வது அபூர்வம்.

ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். சிறுவர்கள் தட்டைக் கல்லைத் தவளை போலத் தண்ணீரில் தத்தவிடுவார்கள் அல்லவா, குண்டும் அப்படியே தத்தும். ஈய உருண்டை ஒன்று நீர்ப்பரப்பை ஏறத்தாழ 5 பாகைக்குக் குறைந்த சாய்வில் தொட்டால் உள்ளே போகாமல் எழும்பி எதிர்க்கரைக்குப் போய்விடும். வேறு வடிவக் குண்டுகள் அதைவிடக் கூடிய சாய்விலும் தத்தக்கூடும். எங்கள் பள்ளத்தாக்குகளில் எதிர்க்கரை என்றால் கொழுந்து மலை, அங்கே ஆட்கள் நிற்பார்கள். ஆழம் குறைந்த இடத்தில் அடியில் பாறை இருந்தால் அதில் பட்டும் திரும்பும். குழலின் வாயைத் தண்ணீருக்குள் அமிழ்த்திச் சுடுவது எல்லாவற்றிலும் கொடியது: குழலுக்குள் ஏறிய தண்ணீர் தக்கை போல அடைத்துக்கொள்ள, வெடியின் அமுக்கம் குழலையே பிளந்துவிடும், பிடித்திருக்கும் கை போய்விடும். நனைந்த பாறையில் நின்று சுடும்போது துவக்கின் உதைப்பில் கால் வழுக்குவதும் சாதாரண விடயமல்ல. மேலே நீர்த்தேக்கம் உள்ள ஆறுகளில் வான்கதவு திறந்தால் தண்ணீர் நிமிடங்களில் ஏறிவிடும் என்பதால், ஆற்றின் நடுவில் எந்த முறையில் மீன் பிடித்தாலும் ஒரு காது மேலே இருக்க வேண்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் வெடிபொருள், நஞ்சு, மயக்கும் பொருள் ஆகியவற்றால் மீன் பிடிப்பதைத் தடைசெய்கிறது. பயிரைக் காக்கப் பெற்ற துவக்கு மீன் சுடுவதற்குத் தரப்பட்டதல்ல. நாங்கள் செய்தது தேவையின் பெயரால் செய்தது, அதை நான் நியாயப்படுத்தவில்லை. சட்டத்தைவிட எனக்கு அதிகமாக உறுத்தியது ஈயம். ஓடையில் சுட்டால் அந்த ஈயம் அங்கேயே கிடக்கும், கீழே இருக்கும் லயம் அதே ஓடையில் குழாய் வைத்துத்தான் குடிக்கிறது. குடிநீர் எடுக்கும் ஓடையில் பசி எவ்வளவு இருந்தாலும் சுடக்கூடாது.

இனிக் கணக்குக்கு வருவோம். இரண்டு தோட்டாக்கள், ஒரு மணி நேரத்துக்கும் மேலான காத்திருப்பு, நனைந்த உடல், குளிர். கிடைத்தது சுமார் 200 கிராம் எடையுள்ள ஒரு திலாப்பியா. தலை, முள், குடல் போக அதில் 80 கிராம் சதை தேறும். 100 கிராம் திலாப்பியாச் சதையில் ஏறத்தாழ 100 கலோரி என்றால், அந்த மீன் தந்தது ஒரு ரொட்டி தரும் வலுவில் மூன்றில் ஒரு பங்கு. மாமா மூன்றாவது தோட்டாவைக் குழலில் போட்டபோது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சம இடைவெளி விட்டு மூன்று முறை சுடுவது உதவி கேட்கும் அடையாளம் என்று பல நாடுகளில் அறியப்பட்டிருக்கிறது. இரவில் மண் இன்னொரு முறை சரிந்தால் எதிர்மலைக்கு அதைத் தெரிவிக்க எங்களிடம் வேறு வழி இல்லை. மிச்சம் சரியாக மூன்று இருந்தன.

அம்மாயிக்கு அப்போது எண்பது வயதை நெருங்கியிருந்தது. மறுநாள் காலை அவர் குடையைப் பிடித்துக்கொண்டு எங்களோடு வந்து, குழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆழமான குழிகளைக் கிட்ட நெருங்கவே விடவில்லை; அவற்றின் விளிம்பு அடியில் குடைந்திருக்கும், மிதித்தால் ஆளோடு உள்ளே போய்விடும். இரண்டு பாய் விரிக்கும் அளவுள்ள, முழங்காலுக்குச் சற்று மேலான தண்ணீர் நின்ற ஒரு குழியைக் காட்டினார். அதிலிருந்து ஒரு சிறிய வழி ஆற்றுப் பக்கமாக இறங்கியது. அந்த வழியை உரச் சாக்குகளில் மண் நிரப்பி அடைக்கச் சொன்னார், ஒரு முழம் அகலம் மட்டும் திறந்து விடப்பட்டது. அந்த வாயில், வீட்டுப் பரணில் கிடந்த பழைய மூங்கில் கொழுந்துக் கூடையைச் சாய்த்து வைத்துக் கல்லால் அண்டை கொடுத்தார். பிறகு பிள்ளைகளை உள்ளே இறக்கி, காலால் அடிச்சேற்றை நன்றாகக் கிளறச் சொன்னார்.

கலங்கிய குட்டையில் மீன் பிடிப்பது என்று நாம் வேறு எதற்கோ சொல்லிக்கொண்டிருக்கிறோம். அன்று அதன் நேர்ப்பொருளைப் பார்த்தேன். சேறு எழும்பியதும் செவுளில் மண் அடைகிறது, அடிச்சேற்றில் அழுகிக்கிடந்தவை மேலே வந்து தண்ணீரில் கரைந்த ஒட்சிசனைக் குடித்துவிடுகின்றன. மீன்கள் மூச்சுக்காக மேற்பரப்புக்கு வந்து வாயைப் பிளக்கின்றன. மேலிருந்து நாங்கள் வாளியாலும் பிஸ்கட் தகரத்தாலும் இறைக்க, குழி வற்ற வற்ற, மீதித் தண்ணீர் ஓடிய ஒரே வழியான கூடைக்குள் மீன்கள் தாமாகவே போய் விழுந்தன. கூடையின் பின்னல் இடைவெளி விரலளவு இருந்ததால் குஞ்சுகள் அதனூடாக நழுவி ஆற்றுக்குப் போயின. அவை போகட்டும் என்றுதான் அம்மாயி வீட்டில் இருந்த பிளாஸ்ரிக் கூடையை விட்டுவிட்டு அதைத் தேர்ந்தெடுத்தார் என்று பிறகு சொன்னார். அதிர்வலைக்குக் குஞ்சு, தாய் என்ற வேறுபாடு தெரியாது.

இறைத்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. திலாப்பியா பதினேழு, என் முன்கை நீளத்தில் கெண்டை ஒன்று, பெயர் தெரியாத சின்ன மீன்கள் ஒரு சட்டி. எங்கள் லயத்தில் இருந்த பன்னிரண்டு காம்பராக்களுக்கும் பங்கு பிரித்தார்கள். கைக்குழந்தை இருந்த வீட்டுக்குக் கெண்டையின் நடுத்துண்டு போனது. தண்ணீர் அசுத்தமானது என்பதால் நன்றாகக் கொதிக்கவைத்த புளிக்குழம்பாகவே வைத்தார்கள்.

ஆறாம் நாள் பாதை திறந்ததும் கீழே இறங்கினேன். மூன்று தோட்டாக்களும் சுடப்படாமல் மாமாவின் தகரப் பெட்டிக்கே திரும்பிவிட்டன. அதன் பிறகு மழைக்காலம் தொடங்கும்போது நான் அவருக்கு அனுப்பிவைப்பது ஒரு சிறிய பொட்டலம்: முப்பது மீற்றர் நைலோன் நூல், வெவ்வேறு அளவில் பத்துத் தூண்டில் முள், ஈயக்குண்டுக்குப் பதிலாகக் கட்டுவதற்குச் சில இரும்பு நட்டுகள். இரையைப் பற்றிக் கவலையில்லை, மழை பெய்த மறுநாள் மரக்கறிப் பாத்தியில் ஒரு மண்வெட்டி போட்டால் மண்புழு கை நிறையக் கிடைக்கும். இரவில் கட்டிவிட்ட நூல் ஆள் தூங்கும்போதும் வேலை செய்யும் என்று மாமாவே இப்போது மற்றவர்களுக்குச் சொல்கிறார்.